சமையல் குறிப்பு ஃபோல்டர்

“நீ கண்டதையும் நோண்டித்தான் இந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. காலையில உட்கார்ந்தா சிக்கிக்கிட்டு நிக்குது. டக்கு டக்குன்னு சத்தம் வேற.”

நேற்றுச் சொன்னதையே எழுத்துப் பிசகாமல் மறுபடியும் சொன்னார் கணவர். ஓய்வு பெற்ற மேனேஜர். ஆபீஸ்தான் போனதே தவிர, அதட்டல் போகவில்லை.

“என் கை பட்டுக் கெடுறதா இருந்தா, முதல்ல நீங்கதான் கெட்டிருக்கணும்,” என்றாள் அவள். “எதைத் திறக்கும்போது சிக்குது? அதைச் சொல்லுங்க.”

“எதையோ. பேப்பர் படிக்கும்போது. நீ என்ன போலீஸா?”

பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நல்லதாகப் போயிற்று என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். சத்தம் போகவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து காதை வைத்தாள். ஃபேன் இல்லை, ஹார்ட் டிஸ்க்தான். சோதனை போட்டுப் பார்த்ததில், டிஸ்க் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

அவர் படிக்கும் பேப்பரைத் திறந்தாள். சிக்கவில்லை. அவருடைய ஆபீஸ் ஃபைல், வரி, மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் சமர்த்தாகத் திறந்தன.

பாக்கி ஒன்றுதான். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘சமையல் குறிப்பு’ என்ற ஃபோல்டரைத் தட்டினாள்.

அதில் சமையலும் இல்லை, குறிப்பும் இல்லை. மகள் இருந்தாள்.

மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றே, “அவ முகம் இந்த வீட்டுல எங்கேயும் இருக்கக் கூடாது” என்று சுவரிலிருந்த படங்களைக் கழற்றி எறிந்தவர் அவர். கம்ப்யூட்டரில் இருப்பதையும் அழிக்கச் சொன்னார். “அழிச்சாச்சு” என்றாள். அடுப்படியை எட்டிப் பார்க்காத மனுஷன் எந்த ஃபோல்டரைத் திறக்கவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியாதா?

‘வாண்டு’ என்ற மகளின் செல்லப் பெயர் அதன்பின் அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. அவளே பயந்துகொண்டு அந்த ஃபோல்டர் பக்கம் போய் ரொம்ப நாளாகிறது.

பள்ளிக்கூட நாடக வீடியோவை ஓட விட்டாள். முயல் வேஷத்தில் மகள் துள்ளி வந்தாள். பாதித் துள்ளலில் அந்தரத்தில் நின்றாள். பெட்டிக்குள் டக்... டக்.

இங்கேதான் சிக்குகிறது. இங்கே மட்டும்தான்.

யோசிக்க நேரமில்லை. வாசலில் செருப்புச் சத்தம். மவுஸ் மேல் போன கையை இழுத்துக்கொண்டாள். மூடி மூடி அலுத்துவிட்டது. திரை அப்படியே இருக்கட்டும்.

“டிஸ்க் சாகக் கிடக்கு,” என்றாள், திரும்பிப் பார்க்காமல். “காப்பி எடுக்கப் போறேன்.”

“என் ஆபீஸ் ஃபைல்...”

“அது அப்புறம். முதல்ல சமையல் குறிப்பு. அதுல என்ன இருக்குன்னு நானே சொல்லிடறேன். என் பொண்ணு இருக்கா. அழிக்கலை, அழிக்கவும் மாட்டேன். வெளியே போடின்னா இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுத்தான் போவேன். கத்துறதுன்னா இப்பவே கத்தி முடிச்சிடுங்க, எனக்கு வேலை கிடக்கு.”

அவர் கத்தவில்லை. பையைக் கீழே வைத்தார். அந்தரத்தில் நிற்கும் முயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆபீஸ் ஃபைல் கிடக்கட்டும்,” என்றார். “வாண்டுவோட அந்த டிராமாவை முதல்ல எடு. ஒரு வாரமாவே, வால் கழண்டு விழுற இடம் வர்றதுக்குள்ள நின்னுடுது. எப்படியாவது எடுத்துக் குடுத்துடேன்...”