வலப்பக்கம் தொடங்கும் கதை

அப்பா கதையை முடிவிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

ஜப்பானியப் படக்கதை, ஆங்கிலத்தில். வலப்பக்கம் திறந்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியது. நம் வழக்கப்படி திறந்தால் முதலில் கையில் வருவது கடைசிப் பக்கம். தவறான பக்கத்தைத் திறந்திருக்கிறீர்கள் என்று அங்கேயே பெரிதாக அச்சடித்திருந்தார்கள். வேலைக்காலம் முழுக்கத் தபால் ஆபீசில் விளம்பரத் தாள்களைப் பார்த்தவர் அப்பா. இதுவும் அப்படி ஒன்று என்று புரட்டிவிட்டிருப்பார்.

காலை அவசரத்தில் அவன்தான் அதைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போயிருந்தான். மற்றவை எல்லாம் பீரோவில், பேண்ட்டுகளுக்குப் பின்னால்.

இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் கதைகள். அவன் வேறு எதுவும் படிப்பதில்லை.

அதுவும், ஏன் என்பதும் அப்பாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்தில் அவனுக்குப் பெண் பார்க்க இருவரும் போவதாக ஏற்பாடு. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் காரணம் கேட்பார்.

இணையத்தில் அவனுக்கு வேறு பெயர். மாதாமாதம் புதிதாக வரும் கதைகளைப் பற்றி அங்கே எழுதுவான். முகம் தெரியாத ஒரு கூட்டம் அவன் சொல்லுக்குக் காத்திருக்கும். அங்கே அவனுக்கு வாய் நீளம். இந்த மாதம் வந்த முதல் புத்தகம் அட்டையோடு சரி, உள்ளே சரக்கில்லை என்று எழுதினான். இரண்டாவதில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால்தான் மற்றவனுக்குக் காதல் வருகிறது. நாலு அத்தியாயத்தில் மூன்று காய்ச்சல். பேசாமல் ஒரு டாக்டரைக் காதலித்திருக்கலாம் என்று எழுதினான்.

மூன்றாவதைப் பற்றி ஒரு வரிகூட எழுத வரவில்லை. பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

அதுதான் இப்போது அப்பாவின் கையில்.

ஒரு சலவைக்கடைக்காரன். அந்த ஊருக்கு மாற்றலாகி வரும் ஒரு வாத்தியார். அழுக்கே ஆகாத சட்டையை வாரம் தவறாமல் துவைக்கக் கொண்டுவருகிறான் வாத்தியார். இருவரும் மனம்விட்டு ஒரு வார்த்தை பேசுவதற்குள் பாதிப் புத்தகம் போய்விடுகிறது. கடைசியில் ஒரே வீடு. ஒரே கொடியில் இருவரின் சட்டைகளும் காய்கின்றன.

முத்தமிடும் படம் நடுவில் இருக்கிறது. அப்பா அதை எப்போதோ தாண்டியிருந்தார்.

பொய் ஒன்று தயாராக இருந்தது. ஆபீஸ் நண்பனுடைய புத்தகம், தெரியாமல் என் பையில் வந்துவிட்டது.

அப்பா கடைசித் தாளைப் புரட்டினார். அவருக்கு அது கடைசி. கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னடா கதை இது. ஒண்ணா ஒரே வீட்டுல இருந்தவங்க. கடைசில ரசீது போடறதுக்கு, உங்க பேரென்னன்னு கேக்கறான்."

அது அவர்களின் முதல் சந்திப்பு.

"எழுதுனவனுக்கு ஈவிரக்கமே கெடையாது போல" என்றார்.

ஆமாம்ப்பா, சோகக் கதை. அப்படிச் சொன்னால் போதும். புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். நாளைக்குள் மறந்துவிடுவார்.

அவனால் முடியவில்லை. தன்னைப் பற்றி யார் எதை நினைத்துக்கொண்டாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தவன்தான். அந்த இருவரைப் பற்றி ஒருவர் தப்பாக நினைத்துக்கொண்டு எழுந்து போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அவங்க பிரியலப்பா."

அப்பா நிமிர்ந்தார்.

"இத அந்தப் பக்கத்துலருந்து படிக்கணும். பேர் கேக்கறதுதான் ஆரம்பம்." புத்தகத்தை வாங்கித் திருப்பினான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இங்க பாருங்க. கறை எங்க இருக்குன்னு கேக்கறான். கறையே இல்ல. ரெண்டு பேருக்கும் அது தெரியும். ஆனா ரெண்டு பேரும் குனிஞ்சு தேடறாங்க. அவசரமாப் படிச்சா இது விட்டுப்போயிரும்ப்பா."

அப்பா படத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.



"எத்தன தடவ படிச்சே?"

"நெறைய தடவ."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புத்தகத்தை வாங்கி, வலப்பக்கம் திறந்து, மறுபடி ஆரம்பித்தார்.

அவன் சுவரோரம் உட்கார்ந்தான்.

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. இருவரும் எழவில்லை. வீட்டில் குடம் எடுத்து ஓட வேறு ஆளும் இல்லை. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அப்பா ஒவ்வொரு படமாகப் பார்த்தார். நடுப்பக்கத்தில் வெகுநேரம் இருந்தார். அவன் தரையைப் பார்த்தான். வெட்கமாக இல்லை. பயமாக இருந்தது. அவனுக்கென்று மிச்சமிருப்பது இவர் ஒருவர்தான்.

ஒருவழியாகப் புத்தகத்தை மூடினார். மடியில் வைத்துக்கொண்டார்.

போனை எடுத்தார். தாராபுரத்துக்கு.

"ஞாயித்துக்கெழம நாங்க வரலீங்க. இல்லீங்க, வேற நாளும் வேண்டாமுங்க."

எதிர்முனையில் காரணம் கேட்டார்கள். அவன் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் சத்தம் கேட்டது.

"பையன் மேல தப்பு இல்லீங்க. அவன் வர்றேன்னுதான் சொன்னான். எனக்குத்தான் இஷ்டமில்லீங்க."

அதன்பிறகு நெடுநேரம், ஆமாங்க, சரிங்க என்று அவர்கள் ஏசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.