இறகுப் பக்கம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காற்று இரைகிறது, என் குரல் எட்டாது. ஒரே ஓர் அம்பின் கதை. சின்னதுதான். கேட்டுவிட்டுப் போங்கள்.

கையில் எடுத்ததுமே அவள் விரல்கள் நின்றுவிட்டன.

அரை அம்பு. இறகுப் பக்கம் மட்டும்.

பருந்திறகு குலையாமல் இருந்தது. இறகுக்குக் கீழே சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய நூல்.

அந்த மலையில் வீட்டுக்கு ஒரு நூல். ஊர் அம்புகளையெல்லாம் செப்பம் செய்கிறவளுக்கு எது யார் வீட்டு நூல் என்று தெரியாதா?

"கூரைக்குள்ள சொருவிக் கெடந்துச்சுக்கா," என்றாள் கொண்டுவந்த நல்லாயி. பக்கத்து மலையிலிருந்து புதிதாக வாழ வந்த பெண். "எங்க வூட்டுக்காரரு ஒடஞ்ச சட்டியக்கூட வெளிய போட வுடமாட்டாரு. அம்பப் போடுவாரா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கை நிறைய வளையலும் சேர்ந்து சிரித்தது.

"எறகு நல்லாத்தான இருக்குது. முன்னாடி புதுக் குச்சி வச்சா பறக்காதா?"

"பறக்கும். வச்சுட்டுப் போ, தங்கச்சி."

ஊரே கூடிப் போகும் பாரிவேட்டைக்கு முன்னால் எந்த வீட்டிலும் ஒடிந்த அம்பு தங்கக்கூடாது. ஆண்கள் விரதமிருந்து கோயிலடியிலேயே படுத்துக்கொள்வார்கள். வீட்டைத் துழாவி ஒடிந்ததையெல்லாம் அள்ளிவருவது பெண்கள் பாடு. இந்தப் பெண் கூரையையும் விடவில்லை. புருஷன் மெச்சுவான் என்று நினைத்திருப்பாள், பாவம்.

போன வேட்டையில்தான் அம்பு செப்பம் செய்கிறவளின் புருஷனைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள்.

விலாவில் அம்பு. அதுவும் பாதி. இறகுப் பக்கத்தை எவனோ ஒடித்து எடுத்துப் போயிருந்தான்.

இறகுப் பக்கம் இல்லாத அம்புக்கு வீடு கிடையாது, யாரைக் கேட்பது என்றார் ஊர்ப் பெரியவர். வேற்று மலைக்காரன் எவனாவதாக இருக்கும் என்றது ஊர்.

பலாமரத்து எல்லைக்காக அவள் புருஷனை வெட்டுவேன் குத்துவேன் என்று நின்ற ஒருவன், அன்று எல்லோரையும்விட உரக்க அழுதான். பாடையின் தலைமாட்டில் தோள் கொடுத்தவனும் அவன்தான்.

சிவப்பும் மஞ்சளும் அவன் வீட்டு நூல்.

அவள் கதவைச் சாத்தினாள்.

அழவில்லை. அழுகை அப்போதே தீர்ந்திருந்தது.

முதலில் வேறொரு நினைப்பு வந்தது. அவனுடைய நல்ல அம்பு ஒன்றில் விரிசலை விட்டுவைத்து, மேலே நரம்பைச் சுற்றி மறைத்தால் போதும். நாணை விட்டதும் தண்டு பிளந்து அவன் இடக்கையில் இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அது கெட்ட நேரம்.

கை மட்டுமா?

போதாது என்று தோன்றியது அவளுக்கு.

அரிசிப் பானைக்குள் கைவிட்டு, புருஷன் விலாவில் தைத்திருந்த முன்பாதியை எடுத்தாள். தடசு மரத்துத் தண்டு. எலும்பில் பட்டு வளைந்த முனை. அந்த முனையைப் பார்க்காதவர் ஊரில் இல்லை.

ஒடிந்த இடத்தோடு ஒடிந்த இடத்தை வைத்தாள்.

சிலாம்பு சிலாம்பாக உள்ளே போய் உட்கார்ந்தது. ஒரு நார் மிச்சமில்லை. ஒரு நார் குறையவில்லை.

புதுக் குச்சி தேவைப்படவில்லை.

வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றினாள். மான் நரம்பை வாயில் ஊறவைத்து, ஒட்டின்மேல் சுற்றினாள். நல்லாயியின் வளையல் ஒரு கணம் காதில் கேட்டது.

நரம்பை இன்னும் இறுக்கினாள்.

தண்டில் காய்ந்திருந்த கறையை மட்டும் துடைக்கவில்லை. எதை எதையோ செப்பம் செய்தவள், அதை அப்படியே விட்டாள்.

வேட்டை நாள். சாமிக் கல்லின் முன்னால் ஊரே நின்றது.

அவள் ஓர் அம்பைத் தூக்கிக் காட்டுவாள். உரியவன் "எங்க வூட்டுது" என்று சொல்லி வாங்கிக்கொள்வான். வாங்க ஆளில்லாமல் ஓர் அம்பு அவள் கையில் மிஞ்சினாலும் அன்றைக்கு யாரும் காட்டுக்குப் போகக்கூடாது.

ஒவ்வொன்றாகப் போயிற்று. இளவட்டங்கள் வாங்கி, வளைத்துப் பார்த்து, ஒருவனை ஒருவன் கேலி பேசிக்கொண்டார்கள்.

கடைசியாக அதைத் தூக்கினாள்.

இறகுப் பக்கம் மேலே. வளைந்த முனை கீழே.

கேலி நின்றது.

பெரியவர் தடியை ஊன்றிக் கிட்டே வந்தார். முனையைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். கண் மெதுவாக மேலே ஏறி, நூலில் வந்து நின்றது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை.

அந்த நூலுக்கு உரியவன் வரிசையில்தான் நின்றான். இரண்டு கையும் வேட்டியைப் பிடித்திருந்தன.



அப்போது பெண்கள் பக்கமிருந்து நல்லாயி எட்டிப் பார்த்தாள். தன் புருஷன் கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க, முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? போயி வாங்குங்க. நம்ம வூட்டுதுதான்!"

செப்பம் செய்தவள் அம்பைத் திருப்பினாள்.

இறகுப் பக்கத்தை அவனுக்கு நேராக நீட்டினாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. பொழுதாகிவிட்டது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லோரும் போன காலோடு திரும்பி வரட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் வாய் நிறையச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு எந்நாளும் அவர்களைச் சுடாமல் இருக்கட்டும்.