இறகில் ஒட்டிய முடி

மதிப்பீட்டாளரின் மேசைக்கு வந்த எகிப்துப் படம் பூதக்கண்ணாடியிடம் மிடுக்காகச் சொன்னது: "மெதுவாப் பாரு. எனக்கு மூவாயிரம் வயசு. கடைக்காரரே சொன்னார்."

"அப்படியா பெரியவரே," என்று பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தது. படத்தில் இறந்தவரின் இதயத்தை எடைபோடும் தராசு: ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் இறகு. எல்லாம் கையால் வரைந்ததல்ல, அச்சடித்த புள்ளிகள். பழைய எகிப்தியரின் பாப்பிரஸ் நாணல் தாள்கூட இல்லை, வெறும் வாழைநார்.

உண்மையைச் சொன்னதும் படம் சுருண்டுகொண்டது. "அப்போ என்கிட்ட ஒண்ணுமே இல்லையா?"

பூதக்கண்ணாடிக்கு மனசு கேட்கவில்லை. மறுபடியும் தேடியது.

"தம்பி, இறகு நுனியில அச்சு விட்டுப்போயிருக்கு. யாரோ மூச்சை அடக்கிக்கிட்டு அதைத் தூரிகையால வரைஞ்சு முடிச்சிருக்காங்க. தூரிகை முடி ஒண்ணு இன்னும் ஒட்டியிருக்கு."

படம் மெல்ல விரிந்தது. "மூவாயிரம் வருஷம் கிடக்கட்டும். அந்த முடி பத்திரமா இருக்கான்னு பாரேன்."