சிலந்தி இல்லாத மூலை

இந்தக் காலத்துப் பிள்ளைகள் மேல்படிப்புக்கு இடம் கேட்பதைக்கூட வரப்பில் நின்று போனில்தான் கேட்கிறார்கள். குருவிநத்தத்து வெயிலில் என் பேத்தி இளவரசி, பூச்சிப் படிப்புக்காக, போனுக்கு நெல்லைக் காட்டுகிறாள். “மருந்தே அடிக்காத மூலை சார். பூச்சிய சிலந்திங்களே புடிச்சிடும்.” “எங்கம்மா சிலந்தி?” என்கிறார் போனில் வாத்தியார். தூர் தூராக விலக்குகிறாள். அறுந்த வலையொன்று மட்டும் மினுங்குகிறது. விடியலில் நான் அடித்த மருந்தின் வாடை இன்னும் போகவில்லை. “நேத்து வரைக்கும் இருந்துச்சு சார்…” குரல் உடைகிறது. என் பக்கம் திரும்புகிறாள். “இன்னா தாத்தா பண்ண?” “பின்ன, பயிர பூச்சிக்கு வுட்டுட்டு வேடிக்கை பாக்கணுமா?” விலக்கிய நெல்லை விடாமல் பிடித்தபடி நிற்கிறாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காலி மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன். இருந்தாலும், சிலந்தியை நம்பி எவன் நெல் போடுவான்?