அறை வெப்பம்

திருக்கோகர்ணத்தில், தகர ஷீட் போட்ட மாடி அறையில் மதியம் இரண்டு மணி. ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் சாமான்களை ஒப்பிட்டு யூடியூபில் வீடியோ போடும் இலக்கியா, திரையில் ஓடும் விளையாட்டைப் பார்க்கவில்லை. நொடிக்கு எத்தனை படம் என்று மூலையில் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்; எண் கூடக்கூடக் கார்டு உசத்தி. தொண்ணூற்றேழு. நேற்று முளைத்த சேனல்காரி ஷர்லிக்குக் கம்பெனியே அனுப்பிவைத்த கிராபிக்ஸ் கார்டுதான் இப்போது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஓடுகிறது. இலக்கியாவுக்கு இதுவரை ஒரு ஸ்க்ரூகூட யாரும் அனுப்பியதில்லை. "நீங்க ஓட்டிப் பாத்துச் சொன்னாத்தான் நம்புவாங்கக்கா" என்று கீரனூரிலிருந்து பஸ் ஏறி, கார்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் ஷர்லி. இதனோடு ஒப்பிட, இலக்கியா தான் காசு கொடுத்து வாங்கிய கார்டை ஓட்டியது காலை ஆறு மணிக்கு, ஜன்னலைத் திறந்துவைத்து. தொண்ணூற்றிரண்டு வந்தது. இப்போது ஜன்னல் சாத்தியிருக்கிறது. ரோட்டுச் சத்தம் மைக்கில் விழும் என்று அவளே சாத்தினாள். சூடேறினால் எந்தக் கார்டும் தளரும். பெட்டிக்குள் காற்றாடிகள் இரைகின்றன. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று மூன்று. அவள் கட்டைவிரல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறது.

"ஒங்களுக்கு ரொம்ப வேர்க்குதேக்கா." கம்ப்யூட்டரைப் பார்த்திருந்த டேபிள் ஃபேனை ஷர்லி அவள் பக்கம் திருப்பிவிடுகிறாள். கழுத்து வியர்வையில் காற்று சில்லென்று படுகிறது. தொண்ணூற்றொன்று. சுவரில் தொங்கும் வெப்பமானியில் முப்பத்தெட்டு. இலக்கியா நோட்டை இழுக்கிறாள். படபடக்கும் தாளின் ஓரத்தை ஷர்லி அழுத்திப் பிடித்துக்கொடுக்கிறாள். 'அறை வெப்பம்' கட்டத்தில் காலையில் எழுதிய இருபத்தாறு இருக்கிறது. அதன் கீழே, ஷர்லியின் கார்டுக்கு நேரே, இலக்கியா, தன் அழகான கையெழுத்தில், 'மேற்படி' என்று எழுதுகிறாள்.