இடது பக்கம், இரண்டாவது ஒட்டு

"பரிசோதகர் பைக் சீற்றைக் கழட்டச் சொல்லுறார், அத்தான்!"

"கழட்டு. உள்ளுக்கு என்ன, கஞ்சாவே ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?" என்றார் இரவீந்திரன்.

யாதவிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடத்துச் சனிக்கிழமைகளை விழுங்கிய பைக் அது. பழையது ஒன்றை வாங்கி, பின்பக்கச் சட்டத்தை வெட்டிக் குறுக்கி, தானே வரைந்த படத்தின்படி கட்டியிருந்தாள். வெல்டிங் முழுவதும் அக்காவின் கணவர் இரவீந்திரனுடைய கைவேலை. சுவிஸில், ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் அவர் பதினாறு வருடமாக வெல்டர். அவருடைய சான்றிதழைப் பார்த்த பிறகுதான் வாகனப் பரிசோதனை நிலையம் சோதனைக்கு நாளே கொடுத்தது.

இன்று பாஸானால் இலக்கத்தகடு கிடைக்கும். நாளை ஃப்ரிபூர்க் வரை ஓடப்போவதாக, தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சகாக்களிடம் சொல்லியும் விட்டாள்.

பிரேக், விளக்கு, சத்தம் எல்லாவற்றுக்கும் பரிசோதகர் சரி போட்டிருந்தார். கையெழுத்துத்தான் பாக்கி என்றிருந்த நேரத்தில் இந்தச் சீற்.

கழற்றியதும் அவர் வேறெங்கும் பார்க்கவில்லை. இடது பக்கம் குனிந்து, ஒரேயொரு வெல்டிங் ஒட்டின் மேலிருந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். சிவப்புத் திரவம் பூசித் துடைத்து, வெள்ளைத் தூள் அடித்தார். வெள்ளையில் தலைமயிர் போல ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது.

"வெடிப்பு," என்றார் ஜெர்மனில். "நூறில் போகும்போது இது விட்டிருந்தால், பின்சக்கரம் உங்களிடம் சொல்லிக்கொண்டு போயிருக்காது."

யாதவி குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். "சரியாக இந்த இடத்தை எப்படி...?"

"மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. 'இடது பக்கம், இரண்டாவது ஒட்டு. தயவுசெய்து பாருங்கள்.' அவ்வளவுதான்."

படிவத்தில் தகுதியில்லை என்று எழுதிக் கையில் கொடுத்தார்.

வெளியே, வான் வண்டியில் பைக்கை ஏற்றிக் கட்டும்போது இரவீந்திரன் கொதித்தார்.

"உன்ர கீழ் வீட்டு மனிசிதான்! சத்தம், சத்தம் எண்டு எத்தனை தரம் கதவைத் தட்டினவ?"

"அவவுக்கு ஒட்டு எது, ஆணி எது எண்டு தெரியுமோ, அத்தான்?"

"அப்ப உன்ர சிநேகிதி ஹரிஷா. எரிச்சல் பிடிச்சவள்."

"அவள் பைக்கைக் கண்டதே பெயிண்ட் அடிச்ச பிறகு."

வானின் கதவைச் சாத்தப் போன யாதவி அப்படியே நின்றாள். நடந்ததை எல்லாம் வரிசையாக யோசிப்பது அவள் பழக்கம். யோசித்து முடித்து, இரவீந்திரன் பக்கம் திரும்பினாள்.

"பெயிண்டுக்குக் கீழ எத்தனை ஒட்டு, எது இரண்டாவது எண்டு ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் எழுதேல்லை, அத்தான்."

இரவீந்திரன் கட்டிய கயிற்றையே திரும்பத் திரும்ப இறுக்கினார்.

"நான்தான் எழுதினனான்," என்றார்.

"ஏன்? என்னட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் ஏன் பிழைச்சது எண்டு கேப்பாய். என்னெண்டு சொல்லுறது? ஒரு வருசமா எனக்கு ஒட்டுற கோடு தெரியிறேல்லை, மச்சாள். ரெண்டு கண்ணிலயும் நடுவில பனிப்புகார் மூடின மாதிரி. கைப்பழக்கத்தில ஒட்டுறன். அந்த இடத்தில கை வழுக்கினது எனக்கே விளங்கினது. உன்னை ஓட விடவும் மனம் வரேல்லை."

"அக்காவுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சால் அண்டைக்கே டொக்டரிட்ட இழுத்துக்கொண்டு போவா. அடுத்த நாள் வேலை போயிடும்."

யாதவி அவரையே பார்த்தாள். நாளைய ஃப்ரிபூர்க்கும், மூன்று வருடமும், வானில் கிடந்த பைக்கும் எங்கோ விலகிப் போயின.

"அப்ப இந்த ஒரு வருசமா, வேலையில என்ன ஒட்டினீங்கள், அத்தான்?"

அவர் தலை நிமிரவேயில்லை.

"ஊஞ்சல்," என்றார். "கிண்டர்கார்டன் பிள்ளையளுக்கு."