நடுப்பகுதியில் செல்லோவுக்கு ஓய்வு

மினுயெட் இசையின் நடுப்பகுதியில் என் செல்லோவுக்கு வேலை இல்லை. அதனால்தான் மீனாக்ஷி சேச்சி தன் வக்கீலுக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

மூன்றரை மணிக்கு எறணாகுளம் குடும்ப நீதிமன்றத்தில் தீர்ப்பு. அவளுடைய ஆறு வயது மகள் ஸுப்ரியா யாரிடம் வளர்வது என்று. அப்பாவிடம் என்றால் குழந்தை துபாய்க்குப் போய்விடும்.

அதே மூன்றரைக்கு நாங்கள் மட்டாஞ்சேரியில், சுக்கு வாசனை இன்னும் போகாத ஒரு பழைய கோடவுனில், நாற்பது பேருக்கு ஒரு மினுயெட்டைப் பிரித்துக் காட்ட உட்கார்ந்திருந்தோம். முதல் வயலின் சேச்சி, இன்னொரு வயலின், ஒரு வியோலா, என் செல்லோ.

முன்வரிசையில் ஸுப்ரியா. கால் தரைக்கு எட்டவில்லை.

தொடங்குமுன் சேச்சி என் பக்கம் குனிந்தாள்.

"மெசேஜ் வந்தா நீ பாத்துக்கோ ஷாஹிர். என்கிட்ட இப்ப சொல்லாதே, கேட்டியா. முடிஞ்சப்பறம் சொன்னா போறும்."

பிறகு எழுந்து நின்று, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல், விளக்கினாள்.

மூன்று மூன்றாக எண்ண வேண்டிய நடனம் இது. மூன்று எண்ணினால் ஒரு சுற்று. முதல் பகுதி எட்டுச் சுற்று. அதைச் செல்லோ தனியாகத் தொடங்கும், கதவைத் தட்டுவது மாதிரி. இரண்டாம் பகுதியை முதல் வயலின் தனியாகத் தொடங்கும், உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்வது மாதிரி. ஒவ்வொன்றும் இரண்டு முறை. அப்புறம் செல்லோ இல்லாத நடுப்பகுதி. அப்புறம் மறுபடி முதலிலிருந்து. ஆனால் இந்தத் தடவை எல்லாம் ஒரே ஒரு முறைதான். அதுதான் வழக்கம்.

வந்த வழியே வீடு திரும்புகிறவர்கள் நின்று நின்று வேடிக்கை பார்ப்பதில்லை என்றாள். யாரோ சிரித்தார்கள்.

வாசிக்க ஆரம்பித்தோம்.

போன் என் ஸ்டாண்டில், இசைக்குறிப்புக் காகிதத்தின் ஓரத்தில், சத்தமில்லாமல் கிடந்தது. இரண்டு பகுதிகளும் இரண்டிரண்டு முறை முடியும்வரை அதன் திரை கறுப்பாகவே இருந்தது.

நடுப்பகுதி வந்தது. வில்லை முழங்காலில் வைத்தேன். மற்ற மூவரும் மெல்லிய குரலில் பேசுவதுபோல வாசித்தார்கள்.

ஒன்பதாவது சுற்றில் திரை வெளிச்சமானது.

வக்கீல் மலையாளத்தில் ஒரே வரி எழுதியிருந்தார். நாளை மாலைக்குள் குழந்தையை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

திரையைக் கவிழ்த்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காகிதத்தைப் பார்த்தேன். எண்ணினேன். சேச்சி கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி முதலிலிருந்து. நான் தனியாகத் தொடங்கினேன். கை சரியாகத்தான் இருந்தது.

எட்டுச் சுற்று, பன்னிரண்டு விநாடி. இரண்டாம் பகுதி இருபத்துநான்கு விநாடி. அவ்வளவுதான் மிச்சம். அதற்குப்பின் நான் வாயைத் திறக்க வேண்டும்.

எட்டாவது சுற்று முடிந்தது. சேச்சி இரண்டாம் பகுதிக்கு வில்லை வைக்குமுன் நான் மறுபடியும் முதல் பகுதியின் கதவைத் தட்டினேன்.

முதல் வருட மாணவன்கூடச் செய்யாத தப்பு. வேறு வழியில்லாமல் மூவரும் என் பின்னால் வந்தார்கள். வியோலா வாசிக்கும் ரோஜா உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

"எந்தாடா, ஒறங்கிட்டியா?"

பன்னிரண்டு விநாடி கிடைத்தது.

பிறகு சேச்சி இரண்டாம் பகுதியைத் தொடங்கினாள். அது முடிந்ததும், நிறுத்தாமல், அதையே இன்னொரு முறை தொடங்கினாள்.

என் தப்பை மறைக்கிறாள் என்று நினைத்தேன். முதல் பகுதி இரண்டு முறை என்றால் அடுத்ததும் இரண்டு முறை. கேட்பவர்களுக்கு, இப்படித்தான் முன்பே முடிவு செய்திருந்தோம் என்று தோன்றும். முதல் வயலின் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டாம் முறையும் முடிந்தது. கடைசிச் சுரத்தில் நாங்கள் மூவரும் வில்லைத் தூக்கிவிட்டோம்.

சேச்சி என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் ஸுப்ரியாவை மட்டும் பார்த்தபடி, அந்தப் பகுதியை மூன்றாவது முறையாகத் தொடங்கினாள்.